25 மில்லிமீட்டர்: பீடோர் சாலைக்கு ஒரு டொயோட்டா 86-ஐத் தாழ்த்திய வேலைக் குறிப்பு

வேலைக்கு நின்ற காடி 2013-ஆம் ஆண்டு டொயோட்டா 86. மேனுவல் கியர், 17 அங்குல ரிம், 215/45 டயர், மீட்டரில் 90,000 கிலோமீட்டருக்கு மேல். அது தினமும் போய்வரும் இடம் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பீடோருக்கு வெளியே ஒரு செம்பனைத் தோட்டம். தார்ச் சாலையிலிருந்து வீட்டு வாசல் வரை 2 கிலோமீட்டர். பாதி செம்மண், நடுவே தோட்டத்துக்காரர்களே சிமெண்டு கொட்டிக் கட்டிய நான்கு பம்பு, அதாவது வேகத்தடை மேடு. காடிக்காரத் தம்பி கேட்டது ஒன்றுதான்: டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவே மூன்று விரல் நுழையும் சந்து ஒரு விரலாகக் குறைய வேண்டும்.

விரல் கணக்கில் ஸ்பிரிங் வாங்குவதுதான் இந்த ஊர்ப்பக்கம் நடக்கும் முதல் தப்பு. காடி எவ்வளவு இறங்கும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். இறங்கிய பிறகு சக்கரம் மேலே ஏற எவ்வளவு இடம் மிச்சம் என்று கேட்பவர் குறைவு. ஸ்போர்ட் ஸ்பிரிங் போட்ட காடி 'கட்டை மாதிரி குதிக்குது' என்று திரும்பி வந்தால், பெரும்பாலும் காரணம் ஸ்பிரிங் கெட்டியானது இல்லை. அந்த மிச்ச இடம் தீர்ந்துபோனதுதான்.

முதலில் சாலை, பிறகு காடி

நேரான இரண்டு மீட்டர் அலுமினியச் சட்டம் ஒன்றைப் பம்பின் உச்சியில் மட்டமாக வைத்து, இரு முனையிலும் தரை வரை டேப் பிடித்தால் உயரம் கிடைத்துவிடும். நான்கில் மூன்று பம்பு 70 மி.மீ.க்குள். ஆலயத்துக்கு முன்னால் இருப்பது மட்டும் 85. அந்த ஒரு பம்புதான் மொத்த வேலைக்கும் எல்லைக் கோடு.

86-இன் தரை இடைவெளி சுமார் 130 மி.மீ. 25 இறக்கினால் 105. பம்பு வயிற்றுக்கு நடுவில் வரும்போது 20 மி.மீ. மிச்சம். முன் சக்கரம் பம்பை விட்டு இறங்கும்போது காடி ஒரு அமுங்கு அமுங்கும். பின்னால் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தால் இன்னும் கொஞ்சம். 20 மி.மீ. என்பது ஊர்ந்து போனால் போதும், வேகமாகப் போனால் போதாது என்ற அளவு. 40 இறக்கும் ஸ்பிரிங்குக்கு இந்த வழியில் வேலையே இல்லை. பம்பில் சாய்த்து ஏறினால் தப்பிக்கலாம் என்று சொல்வார்கள். சாய்த்து ஏறினால் முன் பம்பரின் உதடு தப்பும், வயிறு தப்பாது.

வாங்கும் முன் ஒரு சோதனை செய்யலாம். காசு ஆகாது. பம்பு 85, இறக்கம் 25, இரண்டையும் கூட்டி 110 மி.மீ. உயரத்துக்கு ஒரு மரக்கட்டையை அறுத்து, காடிக்கு அடியில் தரையோடு தரையாகத் தள்ளிப் பாருங்கள். இறக்கிய பிறகு எது எது இடிக்கும் என்று அதற்கு மேலே எஞ்சும் சந்தே காட்டிவிடும். பெரும்பாலும் முதலில் சிக்குவது எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் மூடியும் எக்சாஸ்ட் இணைப்பும்தான்.

செம்மண் பாதைக்கு இன்னொரு கணக்கு. குலை ஏற்றிய லாரி போய்ப்போய்ச் சக்கரத் தடம் இரண்டும் பள்ளமாகி, நடு முதுகு மேடாக நிற்கும். மழைக்காலத்தில் அந்த முதுகு பம்பைவிட உயரம். அதை அளந்து பயனில்லை, வாரத்துக்கு வாரம் மாறும். ஒரு பக்கச் சக்கரத்தை முதுகின் மேல் ஏற்றி ஓட்டும் பழக்கம்தான் காப்பாற்றும்.

ஸ்பிரிங் மட்டுமா, ஹை-லோவா

கடையில் மூன்று வழி சொல்வார்கள். இருக்கிற ஸ்பிரிங்கை வெட்டுவது, ஸ்போர்ட் ஸ்பிரிங் நான்கு வாங்குவது, ஸ்பிரிங்கும் அப்சோர்பரும் சேர்ந்து, உயரத்தைத் திருகி மாற்றக்கூடிய பாடி-ஷிஃப்ட் ஹை-லோ செட் போடுவது.

வெட்டுவதை ஒரே பத்தியில் முடித்துவிடலாம். ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை எடுத்தால் கெட்டித்தன்மை 20 விழுக்காடு ஏறும். அதுவரை கணக்கு சரிதான். ஆனால் முனை, தட்டில் உட்காரும் வடிவத்தை இழந்துவிடும். ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தொங்கவிட்டால் ஸ்பிரிங் தட்டில் தளர்ந்து கிடக்கும். அடுத்த குழியில் கோணலாக உட்கார்ந்தால், ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் அப்சோர்பரின் தண்டு வளையும். நெருப்பு காட்டி இறக்குவது அதைவிட மோசம். எஃகின் பதமே போய்விடும்.

ஹை-லோவுக்கு வருவோம். இந்தக் காடிக்குக் கடையில் காட்டிய செட் முன்னுக்கு 7கே, பின்னுக்கு 7கே. 'கே' என்றால் ஒரு மில்லிமீட்டர் அமுங்க எத்தனை கிலோ என்ற கணக்கு. முன்னும் பின்னும் 7 என்றால் சமம் என்று தோன்றும். சமம் இல்லை. 86-க்கு முன்னால் மேக்பெர்சன் ஸ்டிரட், அதாவது ஸ்பிரிங்கும் அப்சோர்பரும் ஒன்றாக நிற்கும் தூண். ஸ்பிரிங் ஏறக்குறைய சக்கரத்தின் மேலேயே நிற்கிறது, சக்கரம் 1 மி.மீ. ஏறினால் ஸ்பிரிங் சுமார் 0.95 அமுங்கும். பின்னால் இரட்டை விஷ்போன். சக்கரத்தைத் தாங்கும் உலோகக் கையின் (ஆர்ம்) உள்பக்கம் ஸ்பிரிங் தள்ளி நிற்பதால் 1 மி.மீ.க்குச் சுமார் 0.75-தான் அமுங்கும். அசைவும் குறைகிறது, சக்கரத்துக்குப் போய்ச்சேரும் விசையும் குறைகிறது. ஆகவே அந்த விகிதத்தை இரண்டு முறை பெருக்க வேண்டும். முன்னால் 0.9, பின்னால் 0.56. கடையில் 7 என்று எழுதியிருப்பது சக்கரத்தில் முன்னால் 6.3, பின்னால் 3.9.

இதை ஆட்ட வேகமாக மாற்றினால் இன்னும் தெளிவு. கம்பெனி ஸ்பிரிங் முன்னால் சுமார் 2.3கே, பின்னால் சுமார் 3.75கே. ஒரு மூலையில் ஸ்பிரிங்குக்கு மேலே முன்னால் 305 கிலோ, பின்னால் 278 கிலோ என்று வைத்துக்கொண்டால், முன்பக்கம் நொடிக்கு 1.3 முறையும் பின்பக்கம் 1.37 முறையும் ஆடும். பின்பக்கம் சற்று வேகமாக இருப்பது வேண்டுமென்றே வைத்தது. மேட்டில் முன் சக்கரம் முதலில் ஏறும், பின் சக்கரம் சற்றுத் தாமதமாக ஏறும். பின்னது வேகமாக ஆடினால் ஓரிரு ஆட்டத்தில் இரண்டும் சேர்ந்துகொள்ளும், காடி மட்டமாகப் போகும். 7கே-7கே போட்டால் முன் 2.27, பின் 1.87. வரிசை தலைகீழ். பம்புக்குப் பிறகு மூக்கும் வாலும் மாறி மாறித் தலையாட்டும், வளைவில் மூக்கு வெளியே தள்ளும். ஹை-லோதான் வேண்டும் என்றால் இந்தச் சாலைக்கு முன்னால் 5கே, பின்னால் 8கே கேட்டு வாங்குவது நல்லது: 1.91, 2.0. நல்ல கடையாக இருந்தால் ஸ்பிரிங்கை மாற்றித் தருவார்கள். மாற்றித் தர மாட்டோம் என்றால் அந்த செட் வேண்டாம்.

பாடி-ஷிஃப்ட் வகைக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. கீழ்க் குழாயைத் திருகி உயரத்தைக் குறைத்தாலும் அப்சோர்பருக்குள் இருக்கும் ஓட்டம் குறையாது. தட்டை மட்டும் திருகி இறக்கும் மலிவு வகையில் குறையும். ஆனால் செம்மண் ஊரில் அந்தத் திருகு மரையில் மண் ஏறி, மழையில் நனைந்து, ஆறு மாதத்தில் இறுகிவிடும். போடும்போதே செப்புக் கிரீஸ் தடவி, மாதத்துக்கு ஒரு முறை தண்ணீர் அடித்துக் கழுவாவிட்டால் பிறகு உயரம் மாற்றுவது வெறும் பேச்சுதான்.

தினமும் ஓட்டும் காடி, உயரத்தை அடிக்கடி மாற்றப் போவதில்லை, எல்லை 25. எனவே ஸ்போர்ட் ஸ்பிரிங்தான் முடிவானது. ஐபாக், டெயின், ஆர்எஸ்ஆர் என்று 86-க்குப் பெயர்பெற்ற ஸ்பிரிங்குகள் தாராளமாகக் கிடைக்கின்றன. பெட்டியில் எழுதியிருக்கும் இறக்க அளவையும் கெட்டித்தன்மையையும் இரண்டையும் படித்து வாங்குங்கள். இறக்க அளவு மட்டும் எழுதி, கெட்டித்தன்மை எழுதாத பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். போட்டது முன் 3.0கே, பின் 4.5கே, இரண்டும் 25 மி.மீ. இறக்கம். ஆட்டம் 1.48, 1.5. வரிசை கெடவில்லை.

45-இல் 25 போனால்

கழற்றுவதற்கு முன் நான்கு சக்கரத்திலும் அச்சின் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து எழுதினோம். தரையிலிருந்து அளந்தால் டயர்க் காற்று கணக்கைக் கெடுத்துவிடும். முன் இடது 362, முன் வலது 360, பின் இடது 366, பின் வலது 364. டேங்க் பாதி, ஆள் யாரும் இல்லை.

அடுத்து பம்ப்-ஸ்டாப். அப்சோர்பர் தண்டில் தூசி உறைக்குள் இருக்கும் மஞ்சள் நுரைக்கட்டை அது. உறையைத் தூக்கி, தண்டில் ஒரு கேபிள் டையை இறுக்கி, குழாயின் உச்சியோடு ஒட்ட வைத்துவிட்டு வழக்கமான வழியில் ஒரு சுற்று ஓட்டினால், எவ்வளவு தூரம் அமுங்குகிறது என்று டை நகர்ந்து காட்டும். காடி நிற்கும்போது குழாய் உச்சிக்கும் நுரைக்கட்டைக்கும் நடுவே முன்னால் 45 மி.மீ. இருந்தது. ஒரு சுற்று வந்தபோது டை கட்டையைத் தொட்டு நின்றது. அதாவது கம்பெனி உயரத்திலேயே அந்த 85 பம்பு கட்டையை எட்டிவிடுகிறது.

இனி கணக்கு. கம்பெனி ஸ்பிரிங் 1 மி.மீ.க்குச் சுமார் 22.4 நியூட்டன். 45 மி.மீ. அமுங்கி முடிக்கும்போது கூடுதலாகத் தாங்கியது 1,008 நியூட்டன். 25 இறக்கினால் மிச்சம் 20 மி.மீ. புது ஸ்பிரிங் 1 மி.மீ.க்கு 29, இருபதுக்கு 580 நியூட்டன். முன்பு தாங்கியதில் பாதிக்குச் சற்று மேல். அவ்வளவுதான் தாங்கிவிட்டு நுரைக்கட்டை மேல் உட்கார்ந்துவிடும், அதன் பிறகு காடி ஓடுவது ஸ்பிரிங்கில் இல்லை, கட்டையில். பழைய 1,008-ஐ 20 மி.மீ.க்குள் தாங்க வேண்டும் என்றால் 50 நியூட்டன், 5.1கே ஸ்பிரிங் வேண்டும். அதைக் கம்பெனி அப்சோர்பர் அடக்காது.

அடக்காது என்பதற்கும் கணக்கு உண்டு. தேவையான அடக்கும் விசை ஸ்பிரிங் கெட்டித்தன்மையின் வர்க்கமூலத்தோடு ஏறும். ஸ்பிரிங் 30 விழுக்காடு ஏறினால் அப்சோர்பர் 14 விழுக்காடு ஏற வேண்டும். நல்ல நிலையில் உள்ள கம்பெனி அப்சோர்பர் இதைச் சமாளிக்கும். 5.1கே என்றால் 50 விழுக்காடு ஏற வேண்டும். முடியாது.

நடுவழி, நுரைக்கட்டையைக் குட்டையாக்குவது. 15 மி.மீ. குறைத்தால் மிச்ச இடம் 35. முப்பத்தைந்தை 29-ஆல் பெருக்கினால் 1,015. கம்பெனி கணக்கோடு கிட்டத்தட்ட ஒட்டிவிடுகிறது. இந்த ஒரு வெட்டுதான் சொகுசான தாழ்ந்த காடிக்கும் குதிக்கும் தாழ்ந்த காடிக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வெட்டக்கூடாது. கட்டை முழுக்க நசுங்கினாலும் மூன்றில் ஒரு பங்கு நிற்கும், 60 மி.மீ. கட்டை 20-க்கு வரும், 45-ஆக வெட்டியது 15-க்கு வரும். ஆக தண்டு முன்பைவிட 5 மி.மீ. ஆழமாக உள்ளே போகும். ஸ்பிரிங் இல்லாத வெறும் அப்சோர்பரை முழுக்க அமுக்கிப் பார்த்து, அந்த 5 மி.மீ.க்கு உள்ளே இடம் இருக்கிறது என்று உறுதியான பிறகுதான் கத்தி. கட்டையின் கூம்பு முனையைத் தொடாதீர்கள். மெதுவாகத் தொட்டுத் தாங்கத் தொடங்குவது அந்த முனைதான். தடித்த பக்கத்தில், இரண்டு மடிப்புக்கு நடுவே இருக்கும் இடுப்பில் கூர்மையான கத்தியால் ஒரே வெட்டு. ரம்பம் போட்டால் நுரை பிய்ந்து, தூள் சீலில் ஏறும்.

பின்பக்கத்தில் அவ்வளவு நெருக்கடி இல்லை. சக்கரம் 25 இறங்கினாலும் அப்சோர்பர் அளவில் 19-தான் போகிறது. பின்கட்டையை வெட்டவில்லை.

பழைய அப்சோர்பர் போதுமா

90,000 கிலோமீட்டர் ஓடிய அப்சோர்பரில் தாழ்ந்த ஸ்பிரிங் போடும்போது ஒரு பொறி இருக்கிறது. இத்தனை நாள் சீலுக்கு வெளியே நின்று தூசியும் ஈரமும் பட்ட தண்டுப் பகுதி, இறக்கிய பிறகு தினமும் சீலுக்குள் போய்வரும். அதில் துருப்புள்ளி இருந்தால் சீலை அரத்தால் ராவுவது போல ராவிவிடும். 'ஸ்பிரிங் போட்ட மாசமே அப்சோர்பர் ஒழுகிடுச்சு' என்ற புகாருக்கு இதுவும் ஒரு காரணம். ஸ்பிரிங் மேல் பழி போடுவது சுலபம், அவ்வளவுதான்.

தண்டை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, நகத்தால் மேலிருந்து கீழ் வருடிப் பார்க்க வேண்டும். நகம் எங்காவது தட்டினால் மாற்று. முன் இரண்டும் வழவழப்பு. பிறகு செங்குத்தாக நிறுத்தி முழுக்க அமுக்கி விட்டால், தண்டு ஒரே சீராக, நடுவில் தொய்வில்லாமல் ஏறி வர வேண்டும், வந்தது. பின் இடது குழாயில் எண்ணெய்ப் பிசுக்கு, அமுக்கி விட்டால் பாதியில் ஒரு வெற்று ஓட்டம். பின் இரண்டும் ஜோடியாகப் புதிது. ஒன்றை மட்டும் மாற்றினால் வளைவில் இடது வலது வேறு வேறு காடியாக நடந்துகொள்ளும்.

பட்ஜெட் இருந்தால் நான்கும் மாற்றுவதே மேல், அப்போது தாழ்த்திய உயரத்துக்கென்று செய்த வகையைக் கேளுங்கள். பில்ஸ்டைனில் பி6 கம்பெனி உயரத்துக்கு, பி8 தாழ்த்திய உயரத்துக்கு. பி8-இன் குழாய் குட்டை, ஓட்டம் வீணாகாது. இரண்டையும் ஒன்றென்று விற்கும் ஆள்களும் உண்டு.

கழற்றுவது

மண் தரையில் வேலை என்றால் காடியைத் தாங்கும் ஸ்டாண்டுக்கு அடியில் 18 மி.மீ. பிளைவுட் பலகை கட்டாயம். மழை பெய்த தரையில் ஸ்டாண்டின் கால் ஒரு மணி நேரத்தில் புதையும், காடி சாயும். முதல் நாள் மாலையே எல்லா மரையிலும் துரு எண்ணெய் அடித்து ஊறவிட்டால் மறுநாள் பாதி வேலை மிச்சம்.

முன்பக்கம்: சக்கரம் கழற்றி, பிரேக் ஹோஸ் பிடியையும் ஏபிஎஸ் வயர்க் கிளிப்பையும் ஸ்டிரட்டிலிருந்து விடுவியுங்கள். வளைவில் காடி சாயாமல் பிடிக்கும் ஸ்டெபிலைசர் பாரின் லிங்க் நட்டைத் திருகும்போது உள்தண்டு சேர்ந்து சுற்றும், ஆலன் சாவியால் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆலன் குழி துருப்பிடித்து வழுக்கினால் அடித்துப் போராடாமல் நட்டை அறுத்துவிட்டுப் புது லிங்க் போடுவதே நேரத்துக்கு நல்லது. பிறகு ஸ்டிரட்டை, சக்கரம் பூட்டும் நக்கிளோடு பிணைக்கும் இரண்டு பெரிய போல்ட். போல்ட்டைச் சுற்றாதீர்கள், நட்டைச் சுற்றுங்கள். கழற்றும் முன் ஸ்டிரட்டும் நக்கிளும் சேரும் விளிம்பில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு. திரும்பப் பூட்டும்போது கேம்பர் (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே வெளியே சாயும் கோணம்) பெரிதாக விலகாமல் இருக்க அந்தக் கோடு உதவும். நக்கிளைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டு ஹோஸ் இழுபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 86 பின்சக்கர இழுவை என்பதால் முன்னால் டிரைவ் ஷாஃப்ட் பிடுங்கிக்கொள்ளும் பயம் இல்லை. முன்சக்கர இழுவையான மைவியிலும் சாகாவிலும் அந்த பயம் உண்டு. கடைசியில்தான் மேல் மவுண்ட்டின் மூன்று நட்டு, அதுவும் ஒரு கை ஸ்டிரட்டைத் தாங்கியபடி.

நடு நட்டை மட்டும் இந்தக் கட்டத்தில் தொடவே கூடாது. அமுங்கிய ஸ்பிரிங்கை அடக்கி வைத்திருப்பது அது ஒன்றுதான்.

ஸ்பிரிங் கம்ப்ரெஸ்ஸர் கொக்கி இரண்டும் நேர் எதிரெதிரே, முடிந்தவரை அதிகச் சுற்றுகளைப் பிடிக்கும்படி. மரையில் கிரீஸ். இம்பாக்ட் கன் வேண்டாம், கையால் மாறி மாறி இரண்டு இரண்டு சுற்று. ஸ்பிரிங் தட்டை விட்டு விலகி கையால் ஆட்ட முடிகிற வரை வந்த பிறகே நடு நட்டு. அதைத் தளர்த்தும்போது முகம் ஸ்ட்ரட்டின் நேர்க்கோட்டில் இருக்கக்கூடாது. மேல் தண்டைப் பிடித்துக்கொண்டு நட்டைச் சுற்ற வேண்டும். கன் வைத்து 'டர்ர்' என்று அடித்தால் தண்டு உள்ளே சுழன்று சீல் கெடும்.

பின்பக்கம் பூட்டின் உள் உறையை நீக்கினால் மேல் நட்டுகள் தெரியும். லிங்க் இரண்டு பக்கமும் கழற்றி, அப்சோர்பரின் கீழ் போல்ட்டை எடுத்துவிட்டு, சக்கரத்தைத் தாங்கும் கையைக் காலால் அமுக்கிப் பிடித்தால் செட் வெளியே வரும். எச்ஐடி விளக்கு உள்ள காடியில் பின் கையோடு இணைந்த உயர சென்சார் கம்பி ஒன்று இருக்கும். அதை முதலில் கழற்றி ஓரமாகக் கட்டிவிடுங்கள். உடைந்தால் விளக்கு வானத்தைப் பார்க்கும்.

பூட்டுவது, அதில் எல்லாரும் விடும் ஒரு படி

புது ஸ்பிரிங் குட்டை, ஆகவே கம்ப்ரெஸ்ஸர் கொஞ்சம்தான் தேவைப்படும். எழுத்து நேராகப் படிக்கும்படி நிறுத்தினால் மேல் கீழ் சரி. கீழ் முனை தட்டில் உள்ள தடுப்பில் முட்டி நிற்க வேண்டும். விரல் நகம் அளவு விலகினாலும் முதல் பம்பில் 'டங்' என்று சுழன்று உட்காரும். மேல் மவுண்ட் ரப்பர் வெடித்திருந்தால் இப்போதே மாற்றுங்கள், பிறகு இதே வேலையை இரண்டாவது முறை செய்ய யாருக்கும் மனசு வராது. நடு நட்டு புதிது போட வேண்டும், பழைய பூட்டு நட்டு பிடிப்பை இழந்திருக்கும். தொங்கும் நிலையில் ஸ்பிரிங் தட்டில் தளராமல் பிடிபட்டிருக்கிறதா என்று கையால் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அது இந்தக் காடிக்கு உரிய ஸ்பிரிங் இல்லை.

நக்கிள் போல்ட் 155 நியூட்டன் மீட்டர், சக்கர நட்டு 120. கேம்பர் போல்ட் என்று தனியாக வாங்கிப் போட்டால் அது மெல்லியது. அதன் அட்டையில் எழுதிய இறுக்கத்தையே பின்பற்ற வேண்டும். 155-ஐக் கொடுத்தால் அறுந்துவிடும்.

இப்போது விடுபடும் படி. கைகளின் உள்முனை ரப்பர் புஷ், உலோக உறையோடு ஒட்டப்பட்டது. அது சறுக்கிச் சுற்றாது, முறுக்கிக்கொள்ளும். கம்பெனி உயரத்தில் இறுக்கிய புஷ்ஷை அப்படியே விட்டுக் காடியை 25 இறக்கினால், புஷ் எந்நேரமும் முறுக்கிய நிலையிலேயே நிற்கும். காடி எதிர்பார்த்த அளவு இறங்காது, சிறு மேட்டில் விறைப்பாக இருக்கும், ஓராண்டில் ரப்பர் கிழியும். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் இதைவிடப் பெரிய முறுக்கு.

எனவே முன் கீழ்க் கை, பின் கைகள், பின் அப்சோர்பரின் கீழ் போல்ட் எல்லாவற்றையும் தளர்த்திவிட்டு, நான்கு சக்கரத்துக்கும் அடியில் சம உயரப் பலகை அடுக்கிக் காடியை இறக்கினோம். நான்கு மூலையிலும் நன்றாக அமுக்கி ஆட்டி, சில அடி முன்னும் பின்னும் உருட்டி, காடி தன் எடையில் நின்ற பிறகு படுத்துக்கொண்டு இறுக்கியது. பலகை இல்லாத பட்டறையில் ஜாக்கியை நக்கிளுக்கு அடியில் வைத்து, அச்சு-ஃபெண்டர் அளவு புது உயரத்துக்கு வரும்வரை தூக்கி இறுக்கலாம். கூடுதலாக ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்துக்குக் கூலி கேட்டால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார், அதனால்தான் பலர் இதைச் செய்வதில்லை.

இறங்கியவுடன் அளவு: முன் 339, 338, பின் 343, 342. 500 கிலோமீட்டர் ஓடி ஸ்பிரிங் அமர்ந்த பிறகு முன் 337, 335. பின் 341, 339. நான்கு மூலையும் 25.

அலைன்மென்ட்

டோவை (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே வெளியே திரும்பி நிற்கும் கோணம்) அன்றே சரிசெய்துவிட வேண்டும், முழு அலைன்மென்ட் 500 கிலோமீட்டருக்குப் பிறகு. 86-இல் கம்பெனி வைத்திருப்பது முன் டோ, பின் டோ இரண்டு மட்டும்தான் திருகி மாற்றக்கூடியது. கேம்பர் தானாக எங்கே வந்து நிற்கிறதோ அதுதான். வந்து நின்றது: முன் இடது மைனஸ் 0.6, வலது மைனஸ் 0.5; பின் மைனஸ் 1.9, 1.8 டிகிரி. பின்னால் அதிகமாகத் தெரியும். இரட்டை விஷ்போன் இறங்கும்போது சக்கரத்தின் தலையை உள்ளே இழுக்கும், அது இயல்பு. அதைக் குறைக்க வேண்டும் என்றால் திருகிச் சரிசெய்யும் கீழ்க் கை தனியாக வாங்க வேண்டும். இந்த இறக்கத்துக்கு அவசியமில்லை.

டயரின் உள்விளிம்பு தேய்ந்தால் எல்லாரும் கேம்பரைத்தான் திட்டுவார்கள். பெரும்பாலும் குற்றவாளி டோ. 215/45 டயரின் விட்டம் 625 மி.மீ.; ஒரு சக்கரம் 0.1 டிகிரி திரும்பி நின்றால் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் 1.1 மி.மீ. வித்தியாசம். அத்தனை கிலோமீட்டரும் டயர் அந்த அளவு பக்கவாட்டில் இழுபட்டபடியே போகும். வைத்தது: முன் டோ பூஜ்ஜியம், பின் ஒவ்வொரு சக்கரமும் 0.1 உள்நோக்கி. கணினித் திரையில் எல்லாம் பச்சை வந்துவிட்டது என்றால் முடிந்தது என்று அர்த்தமில்லை. பச்சைக்குள்ளேயே இடதும் வலதும் வேறு வேறாக இருக்கலாம். அச்சடித்த தாளைக் கேட்டு வாங்குங்கள். ஸ்டியரிங் நடுவில் நிற்கிறதா என்பதும் முக்கியம். கோணலாக விட்டால் நழுவல் தடுப்பு மின்னணு தப்பாகப் புரிந்துகொண்டு வளைவில் தேவையில்லாமல் பிரேக் பிடிக்கும்.

ஓட்டிப் பார்த்தது

இரண்டு வகைச் சாலை போதும். பீடோரிலிருந்து தெலுக் இந்தான் போகும் வழியில் போகப் போகத் தரை மென்மை. 1885-இல் கட்டிய கோபுரமே சாய்ந்து நிற்கும் ஊர் அது, தார்ச்சாலை மட்டும் மட்டமாக நிற்குமா? நீண்ட அலை அலையாக ஏறி இறங்கும் சாலையில் 80-இல் போனால் அப்சோர்பரின் திரும்பு விசை போதுமா என்று தெரிந்துவிடும். அலை முடிந்ததும் ஒரே ஆட்டத்தில் அடங்க வேண்டும், அடங்கியது. இரண்டு மூன்று முறை மிதந்தால் அப்சோர்பர் தோற்றுவிட்டது என்று பொருள்.

இன்னொன்று தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் 59-ஆம் எண் சாலை, லாத்தா இஸ்கந்தார் அருவி வரை. காலையிலேயே போய்விடுவது நல்லது, காய்கறி லாரிகள் இறங்கும் நேரத்தில் சோதனை செய்ய இடமில்லை. வளைவின் நடுவே ஒரு குழி வரும்போது பின்பக்கம் பக்கவாட்டில் துள்ளினால் நுரைக்கட்டையில் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். கேபிள் டை முன்னால் கட்டையைத் தொட்டு 6 மி.மீ. நசுக்கியிருந்தது. ஆலயப் பம்பிலும் அதே அளவு. ஏற்கக்கூடியது.

சத்தம் ஒன்று வந்தது: பட்டறை வாசலில் நின்றபடி ஸ்டியரிங் திருப்பினால் இடது முன்னால் 'கிரீச்'. மேல் மவுண்ட் பேரிங்கும் ஸ்பிரிங் மேல்தட்டும் ஒன்றோடொன்று பொருந்தாமல் சில டிகிரி தள்ளி உட்கார்ந்திருந்தது. ஸ்பிரிங்கை மறுபடி கம்ப்ரெஸ்ஸரில் அடக்கி, நடு நட்டைத் தளர்த்திச் சரிசெய்ததும் போனது. நட்டு ஒரு முறை தளர்ந்ததால் அதையும் மறுபடி புதிதாகவே போட்டோம். சின்னக் கல்லில் 'டக் டக்' என்றால் முதலில் லிங்க் நட்டைப் பாருங்கள், பத்தில் எட்டு அதுதான்.

காடிக்காரத் தம்பிக்கு ஒரு குறை மிச்சம்: 'அண்ணே, பின்னால இன்னும் ஒரு விரல் கூடுதலா இருக்கே.' இருக்கத்தான் செய்கிறது. அந்த ஒரு விரலை எடுத்தால் ஆலயப் பம்பில் எக்சாஸ்ட் உரசும். வளைவில் இன்னும் பிடிப்பு வேண்டும் என்றால் இறக்குவதைவிட ஸ்டெபிலைசர் பாரை மாற்றுவது நல்லது. அதன் விறைப்பு விட்டத்தின் நான்காம் படியில் ஏறும்: முன்னால் 18 மி.மீ.யை 20 ஆக்கினால் 1.52 மடங்கு, பின்னால் 14-ஐ 16 ஆக்கினால் 1.7 மடங்கு. நேர்ச் சாலைச் சொகுசு பெரிதாகக் கெடாது. ஆனால் சக்கரத் தடம் இரண்டும் வேறு வேறு உயரமாக இருக்கும் செம்மண் பாதையில் தடித்த பார் காடியை இடம் வலமாகத் தலையாட்டவைக்கும். முன்னால் மட்டும் மாற்றினால் மூக்கு வெளியே தள்ளும். பின்னால் மட்டும் மாற்றினால் மழையில் வால் சுற்றும். மாற்றினால் இரண்டும் சேர்த்து.

கழற்றிய நான்கு ஸ்பிரிங்கும் வெட்டிய கட்டைக்குப் பதிலாக வாங்கிய முழு நுரைக்கட்டை இரண்டும் துணியில் சுற்றி, முன், பின் என்று எழுதி, காடிக்காரர் வீட்டில் வைக்கச் சொல்லியாயிற்று. காடியை விற்கும்போது உரிமை மாற்றத்துக்கு பஸ்பகோம் என்ற வாகனப் பரிசோதனை நிறுவனத்தின் பி5 பரிசோதனை உண்டு, அப்போது திரும்பப் பூட்ட இவை வேண்டும். இப்போதைக்கு மாற்றத்தைப் பற்றி ஜேபிஜே என்ற சாலைப் போக்குவரத்து இலாகாவிலும் காப்புறுதியிலும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொன்னோம். அடுத்த அளவு 5,000 கிலோமீட்டரில்: நான்கு மூலை உயரம், முன் டயர் உள்விளிம்பு ஆழம், பின் புது அப்சோர்பர் தண்டில் எண்ணெய்.